புண்ணாக்கில் போகும் புரதம் யாருக்கு?

மேலூர்த் தாலுகா திருவாதவூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் போய்ப் பாருங்கள். வெயிலில் குந்தியிருந்து கடலை ஆய்கிறவர்கள் விவசாயத் தொழிலாளிப் பெண்கள். அவர்கள் ஆய்ந்த கடலை மண்டிக்குப் போகிறது. மண்டியிலிருந்து எண்ணெய் மில்லுக்குப் போகிறது. எண்ணெய் டின்னில் ஏறுகிறது. புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கும் வயலுக்கு எருவாகவும் போகிறது. கடலை ஆய்ந்த தாயின் குழந்தையோ வெறும் ரசச் சோற்றில் வளர்கிறது.

இந்த ஏற்பாட்டில் உள்ள அநியாயத்தை உழைக்கும் மக்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நிலக்கடலைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். கால் பங்கு புரதச்சத்து. எண்ணெயைப் பிழிந்த பிறகு அந்தப் புரதம் எங்கும் போய்விடுவதில்லை, புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. நல்ல புண்ணாக்கில் நூற்றுக்கு 45 முதல் 50 பங்கு வரை புரதம் உண்டு. உடம்பில் சதை வளர்வதற்கும், புண் ஆறுவதற்கும், பிள்ளை உயரமாவதற்கும் வேண்டிய சத்து இதுதான்.

இதைப் பிரித்தெடுப்பது மாய வித்தை அல்ல. தோல் நீக்கிய சுத்தமான பருப்பில் எண்ணெயை எடுத்துவிட்டு, மிச்சத்தை மாவாக்கி, சிறிது காரம் சேர்த்த தண்ணீரில் கலக்கினால் புரதம் கரைந்துவிடும். சக்கையை வடிகட்டிவிட்டு, அந்த நீரில் அளவாக அமிலம் விட வேண்டும். பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிவதுபோல் புரதம் திரண்டு அடியில் தங்கும். அதைக் கழுவி உலர்த்தினால் நூற்றுக்கு 90 பங்கு புரதமுள்ள மாவு கிடைக்கும். இந்த மாவு தண்ணீரில் கலக்கும், நுரைக்கும், எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும். ஆகவே பாலிலும் ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் குழந்தை உணவிலும் இதைச் சேர்க்க முடிகிறது.

இந்த வேலையை நம் நாட்டில் செய்து காட்டியது எந்த முதலாளியும் அல்ல. மக்கள் வரிப்பணத்தில் மைசூரில் 1950-ல் துவங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் செய்து காட்டியது. டாக்டர் வி. சுப்பிரமணியன் அதன் முதல் டைரக்டராக இருந்த காலத்தில், 75 பங்கு நிலக்கடலை மாவும் 25 பங்கு கொண்டைக்கடலை மாவும் சேர்த்து, சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின்களும் கலந்த பல்நோக்கு உணவு ஒன்றை அங்கே உருவாக்கினார்கள். நிலக்கடலைப் புரதத்தில் உள்ள குறையை ஈடுகட்டவே கொண்டைக்கடலை சேர்ந்தது. பின்னர் நிலக்கடலைப் புரதத்தைத் தனியே பிரித்து, எருமைப் பாலோடு கலந்து, 'மில்டோன்' என்ற பாலை ஆக்கினார்கள். பெங்களூரில் அதைத் தயாரித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு பங்கு பால் இரு பங்கு பிள்ளைகளுக்கு எட்டட்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்த விஞ்ஞானம் இன்று எங்கே இருக்கிறது? பட்டணத்துக் கடைகளில், பளபளக்கும் டப்பாக்களில் இருக்கிறது. 'சோயாப் புரதம்', 'பட்டாணிப் புரதம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரு டப்பாவின் விலை விவசாயத் தொழிலாளியின் பல நாள் கூலி. பொதுப் பணத்தில் வளர்ந்த அறிவு தனியார் லாபத்துக்கு, கடலை ஆய்ந்தவளுக்குப் புண்ணாக்கு நாற்றம்! இதுதான் முதலாளித்துவ நியாயம்.

இரண்டு விஷயங்களை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, மாட்டுக்குப் போகும் புண்ணாக்கை அப்படியே மனிதருக்குப் போட்டுவிட முடியாது. ஈரத்தில் கிடந்த கடலையில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகிறது. 1960-ல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று 1 லட்சம் வான்கோழிகள் மடிந்தபோதுதான் உலகம் இதை அறிந்தது. 1974-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழைக் குடும்பங்களில் 100-க்கு மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு மாண்டார்கள். சொத்தையும் பூசணமும் ஏழைக்கு, பொறுக்கின பருப்பு பணக்காரனுக்கு என்ற வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. களத்தில் காய வைப்பதிலிருந்து ஆலையில் சோதிப்பது வரை கண்டிப்பான மேற்பார்வை வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். வயிறு நிறையாத பிள்ளைக்குப் புரத மாவை மட்டும் கொடுத்தால், அடுப்பில் விறகு இல்லாதபோது கதவு நிலையை உடைத்து எரிப்பதுபோல, உடம்பு அந்தப் புரதத்தையே எரித்துத் தீர்த்துவிடும். ஹைதராபாத்தில் டாக்டர் சி. கோபாலனும், புள்ளிவிவர நிபுணர் பி. வி. சுகாத்மேயும் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள்: நம் ஏழைகளின் முதல் குறை போதிய சோறு இல்லாமை. 1974-ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் டாக்டர் மக்லாரன், புரதப் பொடியையே நம்பிய திட்டங்களின் தோல்வியை அம்பலப்படுத்தினார்.

ஆகவே, 'கூலி உயர்வு எதற்கு? சத்து மாவு தருகிறோமே' என்று எவராவது வந்தால் ஏமாந்துவிட வேண்டாம். கூலிக்குப் பதில் மாவு என்பது பித்தலாட்டம். கூலியும் வேண்டும், ரேஷன் அரிசியும் பருப்பும் வேண்டும், அவற்றோடு சத்துணவும் வேண்டும் என்பதே நம் நிலை.

சர்க்கார் மனம் வைத்தால் கிராமத்தின் கடைசிக் குடிசை வரை போக முடியும் என்பதற்குச் சாட்சி தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவாதவூருக்கு வடக்கே, இதே மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலாகத் துவங்கியது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை கூடாத பிள்ளைக்கு உணவு கொடுத்தார்கள். அதற்கு உலக வங்கியில் கடன் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். தராசும் ஊழியரும் குடிசைப் பக்கம் வர முடிந்தபோது, கடலை மாவு வர முடியாதா? 2010 முதல் பள்ளிச் சத்துணவில் வாரம் 5 முட்டை கொடுக்க முடிகிறபோது, அங்கன்வாடிப் பிள்ளைக்கு நம் காட்டுக் கடலையின் சத்தைச் சேர்க்க முடியாதா?

நம் கோரிக்கைகள் தெளிவானவை. கடலை விளையும் தாலுகாக்களில், கூட்டுறவுத் துறையிலோ பொதுத் துறையிலோ, மனிதர் உண்ணத்தக்க கடலை மாவு தயாரிக்கும் ஆலைகள் அமைக்கப்பட வேண்டும். கடலை ஆயும், உடைக்கும் பெண்களுக்கு அந்த ஆலைகளில் நிரந்தர வேலையும் சட்டப்படியான கூலியும் வேண்டும். அங்கன்வாடிச் சத்துமாவிலும் பள்ளி உணவிலும், முட்டையைக் குறைக்காமல், இதைச் சேர்க்க வேண்டும். பூசணச் சோதனையின் முடிவை மக்கள் பார்க்கும்படி ஒட்ட வேண்டும்.

ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சங்கக் கூட்டங்களில் இந்தப் பிரச்சினையைப் பேச வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். கடலையை விதைத்தவரும் நாம், ஆய்ந்தவரும் நாம், ஆலையில் பிழிந்தவரும் நாம். அதன் சத்து நம் பிள்ளைகளுக்குச் சேரும் வரை நாம் ஓயப்போவதில்லை.