மாதச் சாமான் லிஸ்ட் எங்கே போனது?

ஒரு காலத்தில் மாதம் பிறந்தால் தெருமுனை மளிகைக் கடைக்குத் திருவிழாதான். சம்பளம் வந்த மறுநாளே துவரம் பருப்பு, புளி, மிளகாய் என்று நீளமாக எழுதிய லிஸ்ட் கடைக்கு வந்துவிடும். மாலையில் சாமான்கள் அட்டைப் பெட்டியில் ஏறி, சைக்கிளில் வீட்டுக்குப் போகும். பணம் கையோடு வரும். இல்லையென்றால் நோட்டில் ஏறும்.

இன்று அந்த லிஸ்ட் துண்டு துண்டாகிவிட்டது. அரிசி மூட்டை மண்டியிலிருந்து வருகிறது. எண்ணெயும் சோப்பும் சூப்பர் மார்க்கெட் ஆஃபரில் வருகின்றன. அவசரத்துக்குப் பால் பாக்கெட்டை ஆப் கொண்டுவருகிறது. தெருக்கடைக்கு மிஞ்சுவது இஞ்சியும் கொத்தமல்லியும் ஒரு பாக்கெட் இட்லி மாவும்தான். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

ஆனால், இவர்கள் மாறத் தெரியாதவர்கள் இல்லை. 2016-ல் யுபிஐ வந்தது. இன்று ஸ்கேன் அட்டை இல்லாத பெட்டிக்கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அடுத்த மாற்றத்துக்கும் வழி இருக்கிறது.

பத்து நிமிட ரகசியம்

பிளிங்கிட், ஸெப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்ற நிறுவனங்கள் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே 'டார்க் ஸ்டோர்' எனும் கிடங்குகளை வைத்திருக்கின்றன. அங்கே வாடிக்கையாளருக்கு அனுமதி கிடையாது. பொருளை எடுத்துக் கட்டி அனுப்புவது மட்டுமே வேலை. எந்த ஏரியாவில், எந்த நேரத்தில், எது விற்கும் என்ற கணக்கு கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும்.

பக்கத்தில் இருப்பதும், யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருப்பதும்தான் அவர்களின் பலம். தெருக்கடைக்கும் இந்த இரண்டும் உண்டு. என்ன, கடைக்காரரின் கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது, தாளில் இல்லை.

அதனால், ஒரு மாதம் மட்டும் எழுதிப் பாருங்கள். கேட்டவரிடம் 'இல்லை' என்று சொல்லி அனுப்பிய பொருள்கள் எவை? மூன்று மாதமாக அலமாரியில் தூசி படிந்து கிடப்பவை எவை? எந்த நேரத்தில் கூட்டம்? கடைசிக் கேள்விக்கு உங்கள் யுபிஐ ஆப்பே பதில் சொல்லும். ஒவ்வொரு வரவுக்கும் அதில் நேரம் பதிவாகியிருக்கிறது.

கடலூர் சொல்லும் பாடம்

ஷாம்பு என்றாலே பாட்டில்தான் என்றிருந்த காலத்தில், அதைச் சின்னச் சின்ன சாஷேயில் அடைத்து விற்கலாம் என்று யோசித்த முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயுடன் தனித் தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவைக் கொண்டுவந்தார். பின்னாளில் 'கெவின்கேர்' ஆனது அந்த நிறுவனம்தான். எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஐந்து காலி சாஷே கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்துக் கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தார்கள்.

வாங்குபவர் கையில் இருந்த சில்லறைக்குத் தக்கபடி பொருளின் அளவை மாற்றியதுதான் அந்த வெற்றிக்குக் காரணம். இன்று பல வீடுகளில் சில்லறைக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு உரித்த சின்ன வெங்காயமும், இரண்டு பேருக்கு அளவான சாம்பார் காய் செட்டும் பெரிய உதவி. ஆயிரம் ரூபாய் மளிகையை இழந்த கடை, இப்படி அன்றாடத் தேவையில் நுழைந்து அதே வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

செய்யக்கூடியவை

* 'வாட்ஸ்அப் பிசினஸ்' ஆப் இலவசம். பொருள்களைப் படத்துடனும் விலையுடனும் அதில் காட்டலாம். மாலை ஐந்து மணிக்குள் ஆர்டர் வாங்கிக் கட்டி வைத்தால், ஆபீஸ் விட்டு வருபவர் வண்டியை அணைக்காமலே வாங்கிப் போவார்.

* கூப்பிடும் போதெல்லாம் ஆள் அனுப்பினால் கட்டாது. காலை ஒரு நடை, மாலை ஒரு நடை என்று டெலிவரி நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

* மத்திய அரசின் முயற்சியில் உருவான ஓஎன்டிசி, 2022-ல் ஐந்து நகரங்களில் சோதனை முறையில் தொடங்கியது. அதில் கோவையும் ஒன்று. ஓர் இடத்தில் பதிவு செய்தால் பல ஆப்களில் உங்கள் கடை தெரியும். கமிஷனைக் கழித்து என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள்.

* ஆப் தரும் தள்ளுபடியோடு மல்லுக்கட்டாதீர்கள். பெரிய கம்பெனிப் பொருள்களில் லாபம் ஏற்கெனவே குறைவு. அதையும் விட்டுக்கொடுத்தால் வாடகைக்கே திண்டாட்டம்தான்.

* கடன் நோட்டை மூட வேண்டாம்; வீட்டுக்கு இவ்வளவு என்று வரம்பு வையுங்கள். வெளியே நிற்கும் பணம் நாளைய சரக்குக்கான முதல்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையின் பல பகுதிகளில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. ஸ்கேன் செய்யக்கூட வழியில்லாத நாள்களில், முகம் பார்த்துப் பால் பவுடரும் மெழுகுவத்தியும் தர ஒரு கடைக்காரரால்தான் முடியும்.

அப்படிப்பட்ட நாளுக்கு அந்தக் கடை அங்கே இருக்க வேண்டுமென்றால், மற்ற நாள்களிலும் அதற்கு வியாபாரம் நடக்க வேண்டும். மாத லிஸ்ட்டில் நாலு பொருளையாவது தெருமுனையில் வாங்குங்கள். கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலையும் கிடைக்கும்!