உரிமம் ஒன்று, விலை பல

வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ பயின்று திரும்புவோர், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளை எழுதி அவ்வுரிமத்தை இந்திய உரிமமாக மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு வகை விமானத்தையும் ஓட்டத் தனிப் பயிற்சி, தனிச் செலவு. அமெரிக்கப் பயணியர் விமானங்களில் துணை விமானியாகச் சேரவே, 2013 முதல், பொதுவாக 1,500 மணி நேரம் கேட்கப்படுகிறது. எல்லை தாண்டும்தோறும் பணமும் காத்திருப்பும் புதிதாகத் தொடங்குகின்றன. காத்திருக்க வசதியுள்ளவரே விமானி ஆகிறார். திறமை அதற்கு அப்புறம்தான்.

வங்கிக் கடன் உண்டே என்பர். 7.5 இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கோருகின்றன. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்ட குடும்பம் எதைப் பிணையாக வைக்கும்?

உள்நாட்டுப் பயிற்சிக்காவது, பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில் விமானி உரிமப் படிப்புக்கு இடமுண்டு. பலர் அதை அறியார். ஆனால் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்குமே உரியது. உரிமம் பட்டமன்று, ஆகவே அத்திட்டத்தின் கணக்கில் அது படிப்பே அன்று. அவ்விதியைத் திருத்தக் கோருவதே மாணவர் அமைப்புகளின் உடனடிப் பணி.