பொய் இரைக்கு மயங்கும் மீன்

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், நல்ல தூக்கத்தில் இருப்பவர்களைக் கூட எழுப்பிக் கடலோரத்துக்கு இழுத்து வந்துவிடும் மீன் ஒன்று உண்டு. விலாவில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடுவதால் 'ஸ்ட்ரைப்பர்' என்று அதற்குச் செல்லப் பெயர். வசந்த காலத்தில் செஸபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளிலும் ஹட்ஸன் நதியிலும் முட்டையிட்டுவிட்டு, மாஸசூஸெட்ஸ், மெயின் கரை வரை யாத்திரை போகும். குளிர் தொடங்கியதும் தெற்கே திரும்பும். உயிருள்ள இரை இல்லாமல், மரத்தையும் பிளாஸ்டிக்கையும் காட்டி இதைக் கரையிலிருந்தே பிடிப்பது ஒரு கலை.

முதலில் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பாருங்கள். அலை வெளுத்து உடையும் இடத்தில் அடியில் மணல் திட்டு இருக்கிறது. இரண்டு திட்டுகளுக்கு நடுவே, அலை உடையாமல் கறுத்துக் கிடப்பது பள்ளம். சின்ன மீன்களை நீரோட்டம் அந்த வழியாகத்தான் அடித்து வரும். பந்திக்கு முந்துகிறவரைப் போல ஸ்ட்ரைப்பர் அதன் ஓரத்தில் காத்திருக்கும். அங்கே வீசுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டோ வடிந்துகொண்டோ இருக்க வேண்டும். ஓட்டம் நின்ற வேளையில் வீசினால் கை வலிதான் மிச்சம்!

விடியலிலும் அந்தியிலும் 'பாப்பர்' என்னும் மிதக்கும் இரை நல்லது. நீர்மட்டத்தில் 'பொளக் பொளக்' என்று தத்தி வர வேண்டும். தண்ணீர் தெறித்த உடனே பதறிக் கோலை வெட்டி இழுக்காதீர்கள். பாரம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள். இரவில் கறுப்பு நிற இரை. "இருட்டில் கறுப்பா?" என்பீர்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு, வானத்தின் மங்கல் ஒளியில் கறுப்பு உருவம்தான் நன்றாகத் தெரியும். ரீலை மிக மெதுவாகச் சுற்றுங்கள். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி மட்டும் நிற்காதீர்கள்.

1982-ல் அட்லாண்டிக் ஸிடியில், புயல் காற்றடித்த ஓர் இரவில், ஆல்பர்ட் மெக்ரெனால்ட்ஸ் என்பவர் கடலுக்குள் நீளும் கற்சுவரில் நின்று பொய் இரையால் பிடித்த மீன் 78½ ராத்தல்! 2011 வரை அதுதான் உலக சாதனை.

அந்தக் காலத்தில்தான் இந்த இனமே அருகிக்கொண்டிருந்தது. 1984-ல் அதைக் காக்கச் சட்டம் வந்தது. 1985 முதல் ஐந்தாண்டுகள் மேரிலாந்து மாநிலம் இதைப் பிடிக்கவே தடை போட்டது. மீன் பெருகியது. பிறகு மறுபடியும் குறைந்துவிட்டது. 2023-ல் வந்த விதிப்படி, கடலோரத்தில் 28 முதல் 31 அங்குலம் வரை உள்ள மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அதுவும் நாளொன்றுக்கு ஒன்றுதான். அதற்கு மேல் பெரியவை பெரும்பாலும் பெண் மீன்கள். லட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும் தாய்கள்.

ஆகையால் மூன்று முள் கொத்தை எடுத்துவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை மணலில் இழுக்காமல், ஈரக் கையால் தாங்கித் தண்ணீரிலேயே பிடித்திருங்கள். வாலைச் சுழற்றி, உங்கள் கையை உதறிக்கொண்டு அது தானே போகும். அந்த உதறலுக்காகவே மறுநாளும் விடியுமுன் எழுந்திருப்பீர்கள்!