சுவரில் சான்றிதழ், அடுக்களையில் அறியாமை



கடைத்தெருவில் உணவுக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்த பகுதியை மக்கள் காணும்படி மேலே வைக்காததை நபியவர்கள் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்வை ஜும்ஆ உரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் நம்மவர் நடத்தும் உணவகங்களின் குவியலுக்குள் இன்று கையை நுழைத்தால் என்ன தட்டுப்படும் என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

மேலே எல்லாம் உலர்ந்தே இருக்கிறது. வாசலில் ‘ஹலால்’ என்ற பச்சை எழுத்து. கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டமிட்ட உரிமம். உள்ளே அடுக்களையில், பச்சைக் கோழியை வெட்டிய அதே பலகையில் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குகிறான் ஓர் இளைஞன். அவனைக் குறை சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. கோழியிலிருக்கும் சால்மோனெல்லா கிருமி அடுப்பில் வேகும்போது மடியும், வேகாத வெங்காயத்தில் ஏறினால் உண்பவர் வயிற்றுக்கே போகும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராத முதலாளியையும், கேட்காமல் உண்டு எழுந்துவரும் நம்மையும் நோக்கியே இதை எழுதுகிறோம்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் கீழ், உணவைக் கையாளுவோரின் தூய்மைக்கும் பயிற்சிக்கும் தொழில் நடத்துபவரே பொறுப்பு. ஒவ்வொரு 25 பணியாளருக்கும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும் என்ற நோக்கில் 2017இல் ‘ஃபாஸ்டாக்’ என்னும் பயிற்சித் திட்டமும் வந்தது. அந்த ஒருவர் கற்று வந்து மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் உயிர். நடப்பதோ வேறு. முதலாளியின் மகனோ மேலாளரோ ஒருநாள் வகுப்பில் அமர்ந்துவிட்டு வருகிறார். சான்றிதழ் சுவரேறுகிறது. சோற்றையும் இறைச்சியையும் தொடும் கைகளுக்கு அந்த வகுப்பின் ஒரு சொல்கூட வந்து சேர்வதில்லை.

சமைத்த உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். இவ்விதியை அட்டையில் எழுதி ஒட்டுவது எளிது. காரணம் புரியாத பணியாளன் அதை ஒருநாள் கடைப்பிடிப்பான், கூட்டம் மிகுந்த மறுநாள் கைவிடுவான். நம் வலிமா விருந்துகளையே எண்ணிப் பாருங்கள். பண்டாரி இரவெல்லாம் கண்விழித்துத் தம் போட்ட பிரியாணி, மதியம் மீந்ததும் தேக்சாவிலேயே மாலைவரை கிடக்கிறது. பின்னர் சூடுபடுத்தி உறவினர்களுக்கு அனுப்புகிறோம். அரிசியில் இருக்கும் பசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கையில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. இதைப் புரிந்துகொண்டவன், மீந்த சோற்றை அகன்ற தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி விரைந்து ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைப்பான். புரியாதவன் ‘சூடுபண்ணிவிட்டால் சரியாகிவிடும்’ என்றே நம்பிக்கொண்டிருப்பான்.

இது சிறு வயிற்றுவலியோடு முடிகிற செய்தியன்று. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா உண்ட பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஒரு சிறுமி அவ்வாறே மறைந்தார். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. ஒரு பண்டத்தைத் தடை செய்யலாம். அறியாமையை அரசாணையால் தடை செய்ய இயலாது.

இதைச் சொன்னால் மூன்று மறுமொழிகள் வருகின்றன.

‘முப்பது ஆண்டுகளாக இப்படித்தான் சமைக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.’ இரவில் வாந்தியெடுத்த வாடிக்கையாளர் மறுநாள் உங்கள் கடைக்கு வந்து தகவல் சொல்வதில்லை. அவர் வராமலே போய்விடுகிறார். புகார் வரவில்லை என்பதைப் பாதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

‘பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அடுப்பைப் பற்றவைக்கிறோம், அல்லாஹ் காப்பான்.’ ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று கற்றுத்தந்த மார்க்கம் இது. உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் விடக்கூடாது, இரவில் பாத்திரங்களை மூடிவைக்க வேண்டும் என்று நுண்ணோக்காடி இல்லாத காலத்திலேயே பயிற்றுவித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். கழுவாத கையைத் தவக்குலின் பெயரால் நியாயப்படுத்துவது அந்த வழிகாட்டலுக்கே முரண்.

‘பயிற்சி கொடுத்தால் அவன் வேறு கடைக்குப் போய்விடுவான்.’ போகட்டும். அவன் போகுமிடத்தில் உண்பவர்களும் மனிதர்கள்தாம். பயிற்சியே இல்லாமல் அவன் உங்களிடம் தங்கிவிட்டால் உங்கள் வாடிக்கையாளர் கதி என்ன என்பதைத்தான் நீங்கள் முதலில் அஞ்ச வேண்டும்.

ஆகவே முதலாளிகளிடம் நாம் வேண்டுவது இவைதாம். பணியாளருக்குப் புரியும் மொழியில் கற்பியுங்கள். நம் அடுக்களைகளில் இன்று பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் பலர் நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் தமிழ் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் பயிற்சி முடிந்தது என்பது யாரை ஏமாற்ற? பச்சை இறைச்சிக்கு ஒரு நிறப் பலகை, காய்கறிக்கு வேறு நிறப் பலகை தாருங்கள். நிறத்துக்கு மொழி வேண்டாம். ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்து, அதைப் பிரியாணியின் நடுவே செருகிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். சொன்னதோடு நில்லாமல், செய்துகாட்டி, செய்யச்சொல்லிப் பாருங்கள். புதிதாகச் சேருபவனுக்கு முதல் நாளிலேயே தொடங்கி, சில மாதங்களுக்கு ஒருமுறை அனைவருக்கும் மீண்டும் நடத்துங்கள்.

எல்லாவற்றினும் முக்கியமாக, வயிற்றுப்போக்கோ வாந்தியோ உள்ள பணியாளனுக்குச் சம்பளத்தோடு விடுப்பு அளியுங்கள். நோயுற்றவன் உணவைத் தொடக்கூடாது என்று பாடம் நடத்திவிட்டு, வராத நாளுக்குக் கூலியைப் பிடித்தால் அவன் நோயை மறைத்துக்கொண்டு வருவான். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவனுக்கு வேறு வழியில்லை. அங்கே விதியை மீறியவன் அவனல்லன். மீற வைத்தவர் நீங்கள்.

உண்பவர்களான நமக்கும் கடமை உண்டு. ‘அறுத்தது யார்?’ என்று தயங்காமல் கேட்கிறோம். ‘சமைப்பவருக்குப் பயிற்சி அளித்தீர்களா?’ என்று கேட்க மட்டும் நாக்கு கூசுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனத்தில் ‘ஹலால்’, ‘தய்யிப்’ என்ற இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. அனுமதிக்கப்பட்டதை மட்டும் பிடித்துக்கொண்டு, தூய்மையானதை நாம் விட்டுவிட்டோம். வலிமாவுக்குச் சமையல் பேசும்போது ஆட்டின் எடையைப் பேசுவதுபோல், உதவியாட்கள் கைகழுவ சோப்பும் தண்ணீரும் எங்கே என்பதையும் பேசுவோம். திருமண மண்டபம் வைத்திருக்கும் ஜமாஅத்துகள், அங்கே சமைக்க வருவோருக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் பயிற்சி வகுப்பு நடத்தலாம். அதற்குப் பெரும் செலவாகாது.

நம்மை நம்பிக் குழந்தையின் வாயில் சோறு ஊட்டுகிறாள் ஒரு தாய். அந்த நம்பிக்கை அமானிதம். அதைக் குறித்துக் கேள்வி கேட்கப்படும் நாளில் சுவரிலிருந்த சான்றிதழைக் காட்டித் தப்பிக்க முடியாது. அதற்கு முன்பாக, நம் குவியலுக்குள் நாமே கையை நுழைத்துப் பார்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.