நம்ம காசு அவங்களுக்கா?

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். போன மாதம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால், இடுப்பில் குழந்தையோடு ஒரு பீகார் பெண் நின்றாள். மெஷினில் அவள் கைரேகை விழவில்லை. நாலைந்து தடவை வைத்துப் பார்த்தாள். வரிசை நகரவே இல்லை.

"நம்ம வரிப்பணம் எல்லாம் இந்திக்காரங்களுக்கே போகுது. இதுக்கு ரேஷனையே நிறுத்திடலாம்" என்றார், பக்கத்துத் தெரு அக்கா. அரிசி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நானும் தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நாத்தனார் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு" திட்டம் நம் மாநிலத்தில் 2020 அக்டோபரில் வந்ததாம். அவளுக்குக் கிடைப்பது, அவள் ஊர் கார்டுக்கு மத்திய அரசு தரும் அரிசியோ கோதுமையோதான். நமக்குத் தரும் பருப்பு, பாமாயில் கிடையாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய, மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையும் கிடையாது. அதற்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டுமே!

அவள் தருவதையும் பார்க்க வேண்டாமா? அம்பத்தூர் கடையில் அவள் வாங்கும் சோப்புக்கான ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பங்கு பீகாருக்குப் போகாது. நம் மாநிலத்துக்குத்தான் வரும்.

பல இனத்தவர் சேர்ந்து வாழும் அமெரிக்காவில், "எங்கள் வரி அவர்களுக்கா?" என்ற எண்ணமே ஏழைகளுக்கான உதவி ஐரோப்பாவை விடக் குறைவாக இருக்க ஒரு பெரிய காரணம் என்று அலெசினா, கிளேசர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2004ல் எழுதினார்கள். அந்த அக்கா சொன்னதும் அதேதானே? அடுத்தவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று ரேஷனை மூடினால், நம் வீட்டு உலையில் என்ன போடுவது?

ஆனால் டவுன் பஸ்ஸில் இலவசப் பயணத்துக்கு எந்தப் பெண்ணிடமும் தாய்மொழி கேட்பதில்லை. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். அங்கே யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் உண்டு என்றால் பொறாமைக்கு வேலையில்லை. தட்டுப்பாடு வருமோ என்ற பயம் வந்தால்தான் வேற்று முகம் கண்ணை உறுத்துகிறது.

எங்கள் பகுதியில் வாடகை ஏறியது நிஜம்தான். கடையில் ஆள் போதாததும் நிஜம்தான். அதை அதிகாரிகளிடம் கேட்போம். கைரேகை விழாதவளிடம் ஏன் கோபம்?

1966ல் பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது, வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று ஏசப்பட்டது பிழைக்கப் போன நம் ஆட்கள்தான். அதை மறக்கலாமா தோழிகளே?

— ஒரு வாசகி, அம்பத்தூர்.