மாண்டவர் மீது பழி

கொலையைப் படமாக்குவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. கொலையுண்டவர்களைப் பற்றிப் பொய் புனைந்து, அதற்கு ‘உண்மைக் கதை’ என்று முத்திரையிட்டு விற்பதையே குற்றம் என்கிறோம்.

1976-ல் அமெரிக்காவில் சார்லஸ் பி. பியர்ஸ் இயக்கி வெளியிட்ட ‘தி டவுன் தட் டிரெடட் சன்டவுன்’ என்னும் படத்தைப் பாருங்கள். டெக்ஸாஸ், அர்க்கன்சாஸ் மாநிலங்களின் எல்லையிலுள்ள டெக்ஸர்கானாவில் 1946 பிப்ரவரி முதல் மே வரை எட்டுப் பேர் தாக்கப்பட்டனர், ஐவர் மாண்டனர். கொலையாளி எவன் என்பது இன்றளவும் நிறுவப்படவில்லை. அந்தத் துயரத்திற்கு முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தபோது படம் வந்தது.

கதை உண்மை, பெயர்களே மாற்றப்பட்டன என்று படம் தொடக்கத்திலேயே அறிவிக்கிறது. மாறியவை பெயர்கள் மட்டும்தாமா? மாண்டவர்களுள் ஒருத்தி பதினைந்து வயதுச் சிறுமி. இசைக்குழுவில் சாக்சபோன் வாசித்த அன்றிரவே சுட்டுக் கொல்லப்பட்டாள். படத்திலோ கொலைகாரன் டிராம்போன் என்னும் ஊதுகருவியில் கத்தியைக் கட்டி, அதை ஊதியவாறே ஒரு பெண்ணைக் குத்துகிறான். நடவாத கொடுமை இது! இக்கொடுமைகளுக்கிடையே இயக்குநரே கோமாளிப் போலீஸ்காரராகத் தோன்றிச் சிரிப்பு மூட்டுகிறார். கொலைகாரன் இன்னும் அவ்வூர்த் தெருக்களில் திரிகிறான் என்று விளம்பரம் வேறு!

மாண்ட மற்றொரு பெண்ணின் சகோதரர், தம் உடன்பிறந்தாளைப் பள்ளிப் படிப்பைக் கைவிட்டவளாகவும் ஒழுக்கம் குன்றியவளாகவும் காட்டிவிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்தார். அந்தரங்க உரிமை அவரவர் உயிரோடு முடிந்துவிடும், உறவினர் அதைக் கோர முடியாது என்று 1979-ல் டெக்ஸாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது.

கலைஞனுக்குக் கற்பனைச் சுதந்திரம் இல்லையா என்பர். உண்டு. அப்படியாயின் கற்பனை என்றே சொல்லி விற்கட்டும். உண்மைக்குரிய விலையையும் புனைவுக்குரிய சலுகையையும் ஒருசேரப் பெறுவது எந்த ஊர் நியாயம்? இத்தகைய படங்களால்தான் மாண்டோரின் நினைவு நிலைக்கிறது என்றும் வாதிடுவர். எவர் நினைவு? பார்த்தவர் மனத்தில் நிற்பது நடவாத டிராம்போன். சாக்சபோன் வாசித்த சிறுமியல்ல.

உயிரோடிருப்பவன் மீது பழி சொன்னால் அவன் எழுந்து மறுப்பான். மாண்டவர் மறுக்க முடியாது. சட்டமும் அவருக்காகப் பேசாது. எஞ்சியிருப்பது பார்ப்பவரின் மனச்சாட்சி ஒன்றே. ஆகவே ‘உண்மைச் சம்பவம்’ என்ற எழுத்துகள் திரையில் தோன்றும்போது, நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழட்டும்: அந்த வீட்டார் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்?