தூசுக்குப் பட்டா யார் பேரில்?

“தூசுதானே, ஒரு மழை பெய்ஞ்சா கழுவிக்கிட்டுப் போயிடும்.” பயிர் போச்சு என்று மனு தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அதிகாரிகள் வைத்திருக்கிற பதில் இது. சிமெண்ட் தூசு சும்மா ரோட்டுப் புழுதி இல்லை. சுண்ணாம்பு கலந்தது. ராத்திரிப் பனியில் நனைந்து காலை வெயிலில் காய்ந்து இலைமேல் ஏடு மாதிரி இறுகிக்கொள்ளும். அப்புறம் எந்த மழைக்கும் முழுசாகப் போகாது.

நான் அரியலூர்ப் பக்கத்து ஆள். மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிற குற்றத்துக்காகச் சுரங்கமும் ஆலையும் லாரியும் எங்களைச் சுற்றி வளைத்திருக்கின்றன. ஆலையோரத்துப் பருத்தியும் மக்காச்சோளமும் கோடையில் சாம்பல் பூசி நிற்பதைப் பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் பார்க்கலாம்.

இலைதான் செடிக்கு அடுப்பு. பச்சையத்துமேல வெளிச்சம் விழணும், இலைத்துளை வழியா கரியமில வாயு உள்ளே போகணும், வேரிலிருந்து தண்ணி ஏறணும். மூணும் சேர்ந்தாத்தான் மாவுச்சத்து. இதுதான் ஒளிச்சேர்க்கை. தூசு வெளிச்சத்தையும் மறைக்கிறது, துளையையும் அடைக்கிறது. நிலக்கரிப் புகையில் வருகிற கந்தக டை ஆக்சைடு இன்னும் மோசம். அது துளைக்குள்ளேயே நுழைந்து, உள் ஈரத்தில் கரைந்து அமிலமாகிப் பச்சையத்தைச் சிதைக்கிறது.

இது கண்ணுக்குத் தெரிகிற கொள்ளை. தெரியாத கொள்ளை ஓசோன். வானத்து உச்சியில் காவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான் தரையோரம் இருந்தால் நஞ்சு. வண்டிப்புகை, ஆலைப்புகை, மின்நிலையப் புகை எல்லாம் வெயிலில் வெந்து அது உண்டாகிறது. நகரத்தில் கிளம்பிய புகை வழியிலேயே ஓசோனாகி எங்கோ ஒரு கிராமத்து வயலில் வந்து இறங்கும். கரியமில வாயுவைப் பிடிக்கிற ருபிஸ்கோ என்ற புரதத்தை இலைக்குள் குறைத்துவிடும். இலை சீக்கிரமே மூப்படையும். செடி பார்வைக்குப் பச்சையாக நிற்கும், மணி மட்டும் பிடிக்காது. “விதை சரியில்ல, உரம் பத்தல” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்படி எவ்வளவு போகிறது? 2005ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துக் கணக்கிட்டு 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியா முழுக்க ஓசோனால் போன கோதுமை சுமார் 35 லட்சம் டன், அரிசி சுமார் 21 லட்சம் டன் என்கிறது. 9 கோடிப் பேருக்கு மேல் சாப்பிடக்கூடிய தானியம் அது. பருத்தியில் 5 சதவீதத்துக்கு மேல் இழப்பு.

இந்த 5 சதவீதம் யார் வயிற்றில் விழுகிறது? எங்க பக்கம் பருத்தி எடுக்கிற கூலி கிலோக் கணக்கு. காய் சிறுத்தால் நாளெல்லாம் குனிந்தாலும் மடி நிறையாது. தூசுச் செடிக்குள் கையை விடுகிறவள் சேரிப்பெண், இருமுகிறவளும் அவளே. நிவாரணம் என்று பேச்சு வந்ததும் வி.ஏ.ஓ. என்ன கேட்கிறார்? பட்டா, அடங்கல். எங்களிடம் ஏது பட்டா? 1891இல் திரமென்கீர் அறிக்கை கொடுத்து அதன்பிறகு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையே பிடுங்கிக்கொண்டவர்கள் அல்லவா! பிடுங்கியவன் கையில் பட்டா, இழப்பீடும் அவன் கைக்கே. களை எடுத்தவளுக்குக் கணக்கிலேயே இடமில்லை.

சுற்றுச்சூழல் பேசுகிற நகரத்துக் கனவான்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. அவர்களுக்குக் காற்று என்றால் தில்லிக்காரரின் நுரையீரல். நுரையீரல் முக்கியம்தான், எங்களுக்கும் அது இருக்கிறது. ஆனால் காற்றை அளக்கிற கருவிகள் பெரும்பாலும் நகரத்தில்தானே நிற்கின்றன? ஐரோப்பாவில் பயிர்க்காலத்துப் பகல் நேரத்தில் ஓசோன் நூறு கோடிக்கு 40 பங்கைத் தாண்டுகிற அளவையெல்லாம் மணிக்கு மணி கூட்டி, பயிருக்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே 2009இல் கொண்டுவந்த காற்றுத் தர அளவில் ஓசோன் இருக்கிறது, பயிருக்கென்று தனிக்கணக்கு இல்லை. அளக்காத இழப்புக்கு எவன் பொறுப்பேற்பான்?

ஆகவே எங்கள் கோரிக்கை மரம் நடும் விழா அல்ல. ஆலையோரத்து வயலில் கருவி வை. விளைச்சல் குறைந்தால் பட்டாதாரருக்குக் கொடுக்கிறபோதே இழந்த வேலைநாளுக்கும் குறைந்த கிலோவுக்கும் கூலி கொடு. அடங்கலில் பயிரின் பெயர் எழுதக் கட்டம் இருக்கிறது, அந்தப் பயிரில் பாடுபட்டவர் பெயர் எழுதக் கட்டம் இல்லை. அதைப் போடச் சொல்லித்தான் வரும் ஜமாபந்தியில் மனுவோடு நிற்கப் போகிறோம், தோழர்களே. ஆலையோரத்துக் காலனிகள் எல்லாம் வந்து சேருங்கள்.